ஓல்ட்டன்: ரயில் சந்திப்பும் அதைச் சுற்றிய 15 ஊர்களும்

சுவிட்சர்லாந்தில் ரயிலில் போய் வருகிறவர்களில் ஓல்ட்டனைக் கடக்காதவர்கள் குறைவு. அங்கே இறங்கி, ஆரே ஆற்றைத் தாண்டி ஊருக்குள் நடந்தவர்கள் அதைவிடக் குறைவு. பாசல், பேர்ன், சூரிச் மூன்றுக்கும் அங்கிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம்தான். லுட்சேர்னுக்குக் கொஞ்சம் கூட ஆகும். அதனால் 'வண்டி மாறும் இடம்' என்ற அளவிலேயே அந்தப் பெயர் பலர் மனதில் நின்றுவிட்டது. அதே பெயரில் ஒரு மாவட்டம் இருப்பது அங்கே குடியிருப்பவர்களிலேயே சிலருக்குத் தெரியாது.

சோலோத்துர்ன் மாநிலத்தில் பத்து மாவட்டங்கள். அவற்றில் ஓல்ட்டன் ஒன்று. பரப்பு சுமார் 80 சதுர கிலோமீட்டர், உள்ளே 15 கெமைண்டேக்கள், அதாவது தனி நிர்வாகமுள்ள ஊர்கள். ஆற்றின் போக்கில் மேலிருந்து வந்தால் ஃபூலன்பாக், போனிங்கன். மேற்கே சமவெளியில் குன்ஸ்கன், காப்பல், ஹேகன்டோர்ஃப், ரிக்கன்பாக், வாங்கன். நடுவில் ஓல்ட்டன் நகரம். அதற்குக் கீழே ஆற்றின் வலக்கரையோரம் ஸ்டார்கிர்க்-வில், டுல்லிகன், டேனிகன், கிரெட்சன்பாக், ஷோனன்வேர்ட், எப்பன்பேர்க்-வோஷ்னாவ். தெற்கே மேட்டில் தனியாக வால்டர்ஸ்வில். மாநிலத் தலைநகரம் சோலோத்துர்ன்தான் என்றாலும், மக்கள் தொகையில் அதைவிட ஓல்ட்டன் பெரியது. இதற்குக் காரணம் ரயில்.

மாவட்ட எல்லையை வரைபடத்தில் பார்த்தால் குழப்பமாகத்தான் இருக்கும். ஓல்ட்டனோடு வீட்டுக்கு வீடு ஒட்டிக்கிடக்கும் திரிம்பாக் வேறு மாவட்டம், கோஸ்கன். தெற்கே அடுத்த ஸ்டேஷனான ஆர்பூர்க் வேறு மாநிலமே, ஆர்காவ். மேற்கே ஹேகன்டோர்ஃப், குன்ஸ்கன் பக்கம் நிலஅமைப்பின்படி கொய் சமவெளியைச் சேர்ந்தது, ஆனால் கொய் மாவட்டத்தில் இல்லை. பழைய ஆட்சிப் பிரிவுகளின் எச்சம் இந்தக் கோடுகள். இன்று அந்த வட்டாரத்தை உண்மையில் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது தண்டவாளமும், 'பொக்' என்று எல்லோரும் சொல்லும் ஓல்ட்டன்-கோஸ்கன்-கொய் பேருந்து நிறுவனமும்தான்.

ஏன் இந்த இடம் சந்திப்பானது என்பதை நிலத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். வடக்கே ஜூரா மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. தென்மேற்கிலிருந்து ஆரே வருகிறது. மேற்கே சோலோத்துர்ன் வரைக்கும் தட்டையான சமவெளி. தெற்கே விக்கர் பள்ளத்தாக்கு லுட்சேர்ன் திசைக்கு வழிவிடுகிறது. கிழக்கே ஆற்றோடு போனால் ஆராவ், அதற்கப்பால் சூரிச். இந்த நான்கும் கூடுகிற மூலைக்கு நேர் மேலே ஜூராவைக் கடக்கும் பழைய கணவாய்களில் ஒன்றான ஹவுவன்ஸ்டைன் இருக்கிறது. 1850இல் சுவிஸ் கூட்டாட்சி அரசு இங்கிலாந்துப் பொறியாளர்கள் ராபர்ட் ஸ்டீபன்சன், ஹென்றி ஸ்வின்பர்ன் இருவரையும் அழைத்து நாடு முழுவதற்கும் ஒரு ரயில் திட்டம் கேட்டது. வடக்கு-தெற்குப் பாதையும் கிழக்கு-மேற்குப் பாதையும் ஓல்ட்டனில் குறுக்கிட வேண்டும் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 1852 ரயில் சட்டம் கட்டும் வேலையைத் தனியார் நிறுவனங்களிடம் விட்டது. 1853இல் பாசலில் தொடங்கிய சுவிஸ் சென்ட்ரல்பான் நிறுவனம் இந்தக் குறுக்கை நிஜமாக்கியது. 1856இல் ஆராவ் பக்கமும் லுட்சேர்ன் பக்கமும் வண்டி ஓடத் தொடங்கியது. 1857இல் பேர்ன் பக்கம். 1858 மே 1 முதல் ஹவுவன்ஸ்டைன் சுரங்கம் வழியாக பாசல். சோலோத்துர்னுக்கு நேராகப் போகும் கொய் பாதை 1876இல்தான் வந்தது.

ஹவுவன்ஸ்டைன் பழைய சுரங்கம் லாய்ஃபல்ஃபிங்கனுக்கும் திரிம்பாக்குக்கும் இடையில், நீளம் 2,495 மீட்டர். வேலையை விரைவுபடுத்த மேலிருந்து செங்குத்தாகக் கிணறுகளையும் தோண்டினார்கள். 1857 மே 28 அன்று அந்தக் கிணறுகளில் ஒன்றின் மர அடைப்பில் தீப்பிடித்தது. மரம் எரிந்ததும் கிணறு இடிந்து கீழே சுரங்கத்தை அடைத்துவிட்டது. உள்ளே 52 தொழிலாளர்கள். காப்பாற்ற இறங்கியவர்களில் 11 பேர் நச்சுவாயுவால் மூச்சடைத்து இறந்தார்கள். எரியும் மரத்திலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைப்பை உடைத்து உள்ளே போனபோது ஒருவரும் உயிரோடு இல்லை. மொத்தம் 63 பேர். ஓல்ட்டனின் வளம் பற்றிப் பேசுகிற எவரும் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தப் பாதையின் இன்னொரு சிக்கல் ஏற்றம். ஆயிரம் மீட்டருக்கு 26 மீட்டர் ஏறுகிறது. கணக்கு எளிது: 100 டன் வண்டியை அந்தச் சரிவில் இழுக்க, உருளும் தடையை விட்டுவிட்டு, சரிவுக்கு மட்டுமே 2.6 டன் இழுவிசை வேண்டும். தண்டவாளம் நனைந்திருந்தால், இலை விழுந்திருந்தால், எஞ்சினின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். நீராவி எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை, வழுக்கலைத்தான் அது கூட்டும். இதற்குத் தீர்வாக 1912 முதல் 1916 வரை கீழே ஒரு அடித்தளச் சுரங்கம் கட்டினார்கள்: டெக்னாவ் முதல் ஓல்ட்டன் பக்கம் வரை 8,134 மீட்டர், ஏற்றம் ஆயிரத்துக்கு 10.5தான். அதே 100 டன்னுக்குச் சரிவுக்கான இழுவிசை 1.05 டன்னாகக் குறைந்தது. இன்று பாசல் விரைவு வண்டிகள் இதில்தான் போகின்றன. பழைய பாதையை மூடிவிடவில்லை. சிசாக்கிலிருந்து லாய்ஃபல்ஃபிங்கன் வழியாக ஓல்ட்டனுக்கு எஸ்9 உள்ளூர் வண்டி ஓடுகிறது. அதை நிறுத்திவிட்டுப் பேருந்து விடலாமா என்று 2017இல் பாசல்-லான்ட்ஷாஃப்ட் மாநில மக்களிடம் வாக்கெடுத்தபோது, வண்டியே இருக்கட்டும் என்றார்கள். ஜூராவின் அழகைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒருமுறையாவது அதில் போக வேண்டும். விரைவு வண்டியில் பார்க்கக் கிடைப்பது எட்டு கிலோமீட்டர் இருட்டு.

இந்தச் சக்கர வழுக்கலிலிருந்துதான் நீலகிரிக்கு ஒரு நேர்க்கோடு போகிறது.

சென்ட்ரல்பானின் முதன்மைப் பணிமனை ஓல்ட்டனில் அமைந்தது. அதன் தலைவர் நிக்லாஸ் ரிகன்பாக், 1817இல் பிறந்தவர். ஹவுவன்ஸ்டைன் ஏற்றத்தில் எஞ்சின்கள் வழுக்குவதைப் பார்த்துப் பார்த்து, சக்கரத்தின் உராய்வை நம்பாமல் பல்லை நம்பினால் என்ன என்று யோசித்தவர். 1863இல் பிரான்சில் அந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய பல்தண்டவாளம் ஏணியைப் போன்றது: எதிரெதிரே நிற்கும் இரண்டு 'ப' வடிவ இரும்புச் சட்டங்கள், நடுவே 100 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அறைந்த சரிவகக் குறுக்குக் கட்டைகள். எஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரத்தின் பல் அந்தக் கட்டைகளுக்கு இடையில் இறங்கி மேலே தள்ளும். ரிகி மலைக்கு முதல் எஞ்சின் ஓல்ட்டன் பணிமனையில்தான் உருவானது. 1871 மே 21 அன்று திறந்த ஃபிட்ஸ்னாவ்-ரிகி பாதை ஐரோப்பாவின் முதல் பல்தண்டவாள மலைரயில். ஏற்றம் ஆயிரத்துக்கு 250.

ஏணிப் பல்லின் பலம் அதன் உறுதி. பல் மேலே நழுவ இடமே இல்லை. பலவீனம் மூன்று. ஒவ்வொரு கட்டையையும் துளையில் செருகி அறைய வேண்டியிருப்பதால் செய்யச் செலவு அதிகம், தளர்ந்த கட்டையை மாற்றுவதும் கடினம். வளைவுக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு துண்டையும் பட்டறையிலேயே செய்து கொண்டுவர வேண்டும், இடத்தில் வைத்து வளைக்க முடியாது. பாதை பிரியும் இடங்களில் இந்தக் கனத்த ஏணியை நகர்த்துவது பெரிய வேலை. மூன்றாவதாகச் சொன்னதுதான் ஸ்டேஷன்கள் நிறைய உள்ள நீண்ட பாதைகளில் உறுத்தியது.

1870களின் தொடக்கத்தில் ரிகன்பாக்கிடம் ஓல்ட்டனில் வேலை பார்த்த இளம் பொறியாளர் ரோமான் ஆப்ட் இதை வேறு மாதிரி தீர்த்தார். ஏணிக்குப் பதிலாக, மேல்விளிம்பில் பல் வெட்டிய தட்டையான எஃகுப் பட்டைகள் இரண்டு, பக்கத்தில் பக்கமாக. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும்படி அரைப் பல் தள்ளிப் பொருத்தினார். எஞ்சினிலும் அதேபோல் தள்ளி வைத்த இரட்டைப் பற்சக்கரம். ஒரு பல் வெளியேறும் வேளையில் அடுத்த பட்டையின் பல் முழுதாகப் பிடித்திருக்கும். அதனால் அதிர்வு குறைவு, தேய்மானமும் குறைவு. பட்டை மெல்லியதென்பதால் வளைவிலும் வளையும்.

1882இல் அரசின் அழைப்பில் ரிகன்பாக்கே நீலகிரிக்கு வந்து ஆராய்ந்து திட்டம் கொடுத்தார். கடைசியில் மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதையில் போட்டது அவருடைய மாணவரின் இரட்டைப் பட்டை. 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வண்டி போனது. கல்லாறுக்கு மேலே ஏற்றம் அதிகபட்சம் பன்னிரண்டுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு 83. கல்லாறில் இறங்கி நின்று இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே குனிந்து பார்த்தால், பல் அடுத்தடுத்து மாறி மாறி நிற்பது தெரியும். ஓல்ட்டன் பட்டறையில் வளர்ந்த சிந்தனைதான் அங்கே கண்முன் கிடக்கிறது. ஊட்டி ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பிரிட்டிஷாரோடு கதையை முடித்துவிடுவது எனக்கு எப்போதுமே குறையாகத் தோன்றும்.

ரிகன்பாக் விட்டுப்போன இன்னொன்று இறக்கத்துக்கான எதிரழுத்தப் பிரேக். மலையிறங்கும்போது பிரேக் கட்டையை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடி இழக்கும். அவர் எஞ்சினின் சிலிண்டர்களையே காற்றழுத்திகளாக மாற்றினார். ஓட்டுநர் பின்னோக்கு நிலைக்கு மாற்றுவார். பிஸ்டன் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தும். அழுத்திய காற்று வெளியேறும் வழியை ஒரு வால்வால் நெருக்கினால் வண்டி அடங்கும். காற்றை அழுத்தினால் கொதிக்கும் என்பதால் சிலிண்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் போதாமல் போனால் மசகெண்ணெய் கருகி, பொதிவுகள் கெட்டு, அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் நீராவியைக் கசியவிடும். புகைப்பெட்டியிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டால் கரித்தூள் சிலிண்டருக்குள் போய்விடும், அதனால் உறிஞ்சும் வாயைத் தனியாக வைக்க வேண்டும். ரிகன்பாக் 1899இல் ஓல்ட்டனிலேயே காலமானார், குன்னூருக்கு வண்டி ஓடத் தொடங்கிய அதே ஆண்டில். பணிமனை இன்றும் எஸ்பிபி எனும் சுவிஸ் கூட்டாட்சி ரயில்வேயின் கையில் இயங்குகிறது.

ஸ்டேஷனுக்கு வருவோம். பன்னிரண்டாம் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு பழைய கல் நிற்கிறது, கிலோமீட்டர் சுழியம். சுவிஸ் ரயில் தூரங்களின் தொடக்கப்புள்ளி என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். வரலாற்றுச் சின்னமாக அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் இன்று பாதையோரக் கம்பங்களில் காணும் எண்கள் அங்கிருந்து தொடங்குவதில்லை. பாசல் பாதையின் எண்ணிக்கை பாசலில் தொடங்கி, ஓல்ட்டனில் ஏறக்குறைய 39ஐத் தொடும்.

நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஒரே நாளில் வந்து திரும்பலாம் என்பதால், கூட்டம் போட ஓல்ட்டன் ஸ்டேஷன் உணவகம் வசதியான இடமாயிற்று. சுவிஸ் ஆல்ப்ஸ் மலையேற்றச் சங்கம் 1863இல் அங்கே பிறந்தது. தாராளவாதக் கட்சியான எஃப்டிபி 1894இல் ஓல்ட்டனில் நிறுவப்பட்டது. 1918 பிப்ரவரியில் ராபர்ட் கிரிம் தலைமையில் தொழிற்சங்கங்களும் சோசலிஸ்டுகளும் சேர்ந்து அமைத்த குழுவுக்கு 'ஓல்ட்டன் செயற்குழு' என்றே பெயர். அந்த ஆண்டு நவம்பரில் சுமார் 2,50,000 பேர் இறங்கிய பொது வேலைநிறுத்தத்தை நடத்தியது அதுதான். வாரம் 48 மணி நேர வேலை, விகிதாசாரத் தேர்தல், பெண்களுக்கு வாக்குரிமை எல்லாம் அதன் கோரிக்கைப் பட்டியலில் இருந்தவை.

வண்டி மாறுகிறவர்கள் அடிக்கடி தவறுகிற இடங்கள் சில. பேர்ன்-சூரிச் இடையிலான வேகமான இன்டர்சிட்டிகள் ஓல்ட்டனில் நிற்பதில்லை. 2004இல் திறந்த மாட்ஷ்டெட்டன்-ரோத்ரிஸ்ட் புதிய பாதையில் மணிக்கு 200 கிலோமீட்டரில் வந்து, ஓல்ட்டனைக் கடந்து நேரே போய்விடும். பேர்னில் பலகையைப் பார்க்காமல் 'சூரிச் வண்டிதானே' என்று ஏறினால் சூரிச் போய்த்தான் திரும்ப வேண்டும். அதேபோல் பாசல்-சூரிச் இடைநில்லா வண்டிகள் பொட்ஸ்பேர்க் வழியாகப் போகின்றன, ஓல்ட்டன் பக்கமே வராது. எந்த வண்டி என்பதைவிட எங்கெங்கே நிற்கும் என்பதைப் பலகையின் சிறிய எழுத்தில் படியுங்கள். நடைமேடையில் ஏ, பி, சி, டி என்று பகுதிகள் இருக்கும். குட்டையான உள்ளூர் வண்டி முழு நீளத்துக்கும் நிற்காது, பலகையில் காட்டும் பகுதியில் நில்லுங்கள். ஓல்ட்டனுக்குள்ளும் சுற்றிலும் ஆ-வெல்லே கட்டண வலயம் செல்லும். ஹவுவன்ஸ்டைனைத் தாண்டி பாசல் பக்கம் போனால் அது வேறு கட்டணக் கூட்டமைப்பு, வலயச் சீட்டு அங்கே செல்லாது. வண்டிக்குள் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற பழக்கம் முடிந்து பல காலமாகிவிட்டது.

ஸ்டேஷன் ஆற்றின் வலக்கரையில், பழைய நகரம் இடக்கரையில். இடையே 1803இல் கட்டிய கூரைபோட்ட மரப்பாலம். அதற்கு முன்னிருந்ததை 1798இல் பின்வாங்கிய பேர்ன் படை எரித்துவிட்டது. நடந்தே கடக்கலாம், அதில் வாகனம் இல்லை. ஸ்டேஷனை ஒட்டி 2013இல் திறந்த வடமேற்கு சுவிஸ் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. நடு சுவிட்சர்லாந்தின் ரயில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்பிபி மையமும் ஓல்ட்டனில்தான்.

தண்டவாளத்தோடு கிழக்கே போனால் மாவட்டத்தின் மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். ஷோனன்வேர்டில் 1851இல் கார்ல் ஃபிரான்ஸ் பாலி தொடங்கிய செருப்புத் தொழிற்சாலை உலகப் பெயராக வளர்ந்தது. தொழிலாளர்களுக்காக அவர் குடும்பம் அமைத்த பூங்கா இன்றும் இருக்கிறது. அங்கே மிக நெருக்கடியான இரட்டைத் தடம் வெகுகாலம் இருந்தது. ஓல்ட்டன்-ஆராவ் இடையில் மீதி எல்லாம் நான்கு தடமாகியும், ஷோனன்வேர்ட் ஊருக்குள் இடமில்லை. வேகமான வண்டியும் நின்று நின்று போகும் வண்டியும் ஒரே தடத்தில் மாட்டினால், பின்னால் வருவது எல்லாம் தாமதம். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட எப்பன்பேர்க் சுரங்கம் 2020 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்த பின்தான் நான்கு தடமும் முழுமையானது. அந்தச் சுரங்கம் பெயர் வாங்கிய எப்பன்பேர்க்-வோஷ்னாவில் வசிப்பவர்கள் ஒரு சில நூறு பேரே.

டேனிகனில் 150 மீட்டர் உயரக் குளிர்விப்புக் கோபுரம் நிற்கிறது. பெயர் கோஸ்கன் அணுமின் நிலையம், 1979இல் இயங்கத் தொடங்கியது, சுமார் 1,000 மெகாவாட். பெயரில் கோஸ்கன் இருந்தாலும் நிலம் டேனிகனுடையது, அதாவது ஓல்ட்டன் மாவட்டம். அணுமின் நிலையங்களிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் அயோடின் மாத்திரை இலவசமாக வருகிறது. பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள், குழந்தைகள் எட்டாத இடத்தில் இருக்கட்டும், அதிகாரிகள் அறிவித்த பிறகு மட்டும் விழுங்குங்கள். சீக்கிரமே விழுங்கினால் பலன் தீர்ந்துவிடும். பிப்ரவரி முதல் புதன்கிழமை மதியம் 1.30க்கு ஊதும் சைரன் சோதனைதான், பதற வேண்டாம்.

இனி அலுவலகங்கள். மாவட்டத்துக்கென்று அரசோ வரியோ ஊழியர்களோ கிடையாது. அன்றாடக் காரியங்கள் கெமைண்டேயில் நடக்கும். மாநில வேலைகள் ஓல்ட்டனையும் கோஸ்கனையும் சேர்த்த அம்டை என்ற பெரிய வட்டத்துக்குப் பொதுவாக நடக்கும். மாநிலப் பேரவையின் 100 இடங்களுக்கும் அம்டைவாரியாகத்தான் தேர்தல். நீதிமன்றம், நிலப்பதிவு, வாரிசு, கடன்வசூல், குழந்தைகள் மற்றும் வயதுவந்தோர் பாதுகாப்பு என எல்லாம் 'ஓல்ட்டன்-கோஸ்கன்' என்ற பெயரோடு இருக்கும், அனேகமாக எல்லாமே ஓல்ட்டனில் ரயிலடிக்கு எட்டிய தூரத்தில். திரிம்பாக்கில் இருப்பவருக்கும் அலுவலகம் இதுவேதான். ஆர்பூர்க்கில் இருப்பவருக்கு இவை எதுவும் பொருந்தாது. அவர் ஆர்காவின் ட்சோஃபிங்கன் மாவட்டம். வீடு தேடும்போது வரி, பள்ளி, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் மூன்றும் மாநிலத்தோடு மாறும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடிவந்தால் 14 நாளுக்குள் புதிய கெமைண்டேயில் பதிய வேண்டும், பழையதிலும் விலகல் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் வேலையில் சேர்வதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் கேட்கும் பெட்ரைபுங்ஸ் சாற்றுக்கு, அதாவது கடன்வசூல் பதிவேட்டிலிருந்து எடுக்கும் சான்றுக்கு, கட்டணம் 17 பிராங்க். அது, கொடுக்கும் கடன்வசூல் அலுவலகத்தின் வட்டத்திலுள்ள பதிவை மட்டும் காட்டும். போன மாதம்வரை வேறு வட்டத்தில் இருந்தவருக்குச் சாறு பதிவு எதுவுமின்றி வரும், விவரம் தெரிந்த வீட்டுக்காரர் பழைய இடத்துச் சாற்றையும் கேட்பார். இரண்டையும் முன்கூட்டியே எடுத்து வைத்தால் வீடு கைநழுவாது.

பணம் கட்டச் சொல்லும் ட்சாலுங்ஸ்பெஃபேல் வந்தால், கடன் உண்மையல்ல என்றால், 10 நாளுக்குள் மறுப்புச் சொல்லியாக வேண்டும். அதைக் கொடுக்க வரும் ஆளிடமே 'ரெக்ட்ஸ்ஃபோர்ஷ்லாக்' என்று சொல்லிப் படிவத்தில் குறிக்கச் செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு பகுதியை மட்டும் மறுத்தால் எவ்வளவு தொகை என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முழுவதையும் மறுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். மொழி தெரியாமல் கையெழுத்துப் போட்டு டிராயரில் வைத்துவிடுவதுதான் பலருக்கும் நேரும் இழப்பு, 10 நாள் போனபின் கதவு ஏறக்குறைய மூடிவிடும். மறுப்புச் சொன்ன பிறகும் பதிவு சாற்றில் நிற்கும். ட்சாலுங்ஸ்பெஃபேல் வந்து மூன்று மாதம் கழிந்தபின், மூன்றாம் நபர்களுக்கு அதைக் காட்டாதிருக்கும்படி விண்ணப்பிக்கலாம், கட்டணம் 40 பிராங்க். கடன் கேட்டவர் வழக்கைத் தொடர்ந்து நடத்துவதாக 20 நாளுக்குள் நிரூபிக்காவிட்டால் அது மறைக்கப்படும்.

வாடகைப் பிணக்குக்கு ஒபர்அம்ட் என்ற மாநில வட்டார அலுவலகத்தில் உள்ள சமரச அமைப்புக்குப் போகலாம், குடியிருப்பு வழக்கில் அங்கே நீதிமன்றச் செலவு இல்லை. வீட்டை விட்டு வெளியேறச் சொன்ன கடிதத்தை எதிர்க்க 30 நாள். நாள் எண்ணுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பதிவுத் தபால் வந்தபோது ஆள் இல்லாமல் தபால்காரர் சீட்டுப் போட்டுவிட்டுப் போனால், தபாலகத்தில் அதை எடுக்க முடிகிற முதல் நாளே, வழக்கமாக மறுநாளே, கைக்கு வந்ததாகக் கணக்கு. ஏழாம் நாள் போய் எடுத்து, அன்றிலிருந்து எண்ணினால் கெடு தவறிவிடும். வாடகையை உயர்த்தினால் மாநிலம் ஏற்ற அதிகாரபூர்வப் படிவத்தில்தான் தர வேண்டும், வெறும் கடிதத்தில் வந்தால் செல்லாது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.

குடியுரிமைக்குச் சோலோத்துர்னில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எல்லோரும் பதிந்திருக்கும் ஐன்வோனர்கெமைண்டே ஒன்று, காடு வைத்திருக்கும் பரம்பரை ஊர்க்குடிகளின் பூர்கர்கெமைண்டே வேறொன்று. ஊர்க் குடியுரிமை கொடுப்பது பின்னது. நிரந்தரமாக வசிப்பதற்கான சி அனுமதியும் நாட்டில் பத்து ஆண்டு வசிப்பும் இருந்தால்தான் அந்தக் கதவைத் தட்டலாம்.

சுற்றிலும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய. திரிம்பாக்கில் மனோன்மணி அம்பாள் ஆலயம் இருக்கிறது, ஓல்ட்டன் ஸ்டேஷனிலிருந்து பேருந்திலேயே போய்விடலாம்.

மாவட்டப் பிரிவு சட்டத்தில் நேரடியாகப் பயன்படும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன்: விடுமுறை. கோர்ப்பஸ் கிறிஸ்டி, மரியன்னை விண்ணேற்பு, அனைத்துப் புனிதர் நாள் ஆகியவை மாநிலத்தில் விடுமுறை. சீர்திருத்தச் சபையினர் வாழும் புக்கக்பேர்க் மாவட்டத்தில் மட்டும் இல்லை. ஓல்ட்டனில் உண்டு. எல்லைக்கு அப்பால் ஆர்காவில் விடுமுறை ஊருக்கு ஊர் வேறுபடும். மே 1 சோலோத்துர்னில் மதியம் 12 மணியிலிருந்து. ஆர்பூர்க்கில் வீடும் ஓல்ட்டனில் வேலையும் என்றால், உங்களுக்குரிய விடுமுறை வேலை செய்யும் இடத்தினுடையது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஆர்பூர்க்குக்குரியது. ஆண்டுத் தொடக்கத்திலேயே இரண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.